இஃப் வரியை எடுத்தால் வேகம் கூடுமா?

நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் படிக்கும் நிரலைப் பற்றிய கேள்வி இது. 10 ஜிகாபிட் இணைப்பில் 64 பைட் ஃபிரேம்கள் (ஈதர்நெட்டின் மிகச் சிறிய பாக்கெட்) முழு வேகத்தில் வந்தால், நொடிக்கு 1 கோடியே 48 லட்சம் பாக்கெட். ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோசெகண்ட். 3 கிகாஹெர்ட்ஸ் கோரில் சுமார் 200 சைக்கிள் (பிராசசரின் கடிகாரத் துடிப்பு). இந்தக் கணக்கைப் பார்த்ததும் பலருக்கும் கை முதலில் போவது பாக்கெட்டின் நீளத்தைச் சரிபார்க்கும் இஃப் வரிகள் மேல்தான். தயவுசெய்து அங்கே கை வைக்காதீர்கள்.

பிராஞ்ச் பிரெடிக்டர் (இஃப் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே ஊகிக்கும் பிராசசர் பகுதி) சரியாகக் கணித்துவிடும் ஒப்பீட்டுக்கு ஓரிரு சைக்கிள் போதும். கேஷில் (பிராசசரின் வேகமான சிறு நினைவகம்) இல்லாத ஃப்ளோ டேபிள் (இணைப்புகளின் பட்டியல்) வரியை மெமரியிலிருந்து கொண்டுவர 200 சைக்கிளுக்கு மேலும் ஆகலாம். ஒரே ஒரு கேஷ் மிஸ், பாக்கெட்டின் மொத்த நேரத்தையும் தின்றுவிடும். 32 பாக்கெட்டுகளைச் சேர்த்து எடுத்து, முதல் சுற்றில் ஹாஷ் போட்டு (டேபிளில் இடத்தைக் கணக்கிட்டு) பிரீஃபெட்ச் கொடுங்கள், அதாவது அந்த வரியை முன்கூட்டியே கேஷுக்கு வரவழையுங்கள். இரண்டாம் சுற்றில் டேபிளைத் தொடுங்கள். வேகம் இருக்கும் இடம் இதுதான்.

நீளச் சோதனையை எடுத்தால் என்ன ஆகும்? ஐபிவி4 ஹெடரில் மொத்த நீளம் 10 என்று ஒருவர் எழுதி அனுப்புகிறார். ஹெடர் 20 பைட். பேலோடு (ஹெடர் போக மிஞ்சும் தரவு) நீளம் 10−20. அதை 16 பிட் குறியில்லா எண்ணில் வைத்தால் 65,526. அடுத்து வரும் லூப் அத்தனை பைட்டையும் படிக்கப் போகும், பக்கத்து பாக்கெட்டின் தரவு உட்பட. 2014-இல் வெளிவந்த ஹார்ட்பிளீடும் (ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் பாதுகாப்பு ஓட்டை) இந்த வகைதான்: எதிர்முனை சொன்ன நீளத்தை அப்படியே நம்பியது.

சோதனை இருந்தும் தப்பாகலாம். 'ஆஃப்செட் + நீளம் > முடிவு' என்று எழுதினால் கூட்டல் ஓவர்ஃப்ளோ ஆகி (எண்ணின் எல்லை தாண்டிச் சிறிய எண்ணாகி), பெரிய நீளமும் தேறிவிடும். 'நீளம் > மீதி' என்று எழுதுங்கள். டிபிடிகேயில் (வேகமான பாக்கெட் வேலைக்கான லைப்ரரி) பாக்கெட் பல செக்மென்ட்டாக, அதாவது மெமரியில் தனித்தனித் துண்டுகளாக, வரலாம். பாயிண்டரால் நேரடியாகப் படிக்கும்போது ஒப்பிட வேண்டியது முதல் செக்மென்ட்டின் நீளத்தோடு, மொத்த நீளத்தோடு அல்ல.

சோதனைகளைக் குறைக்க நேர்மையான வழி உண்டு. ஈதர்நெட் 14, ஐபி 20, டிசிபி 20, ஆக 54 பைட். தொடக்கத்திலேயே ஒருமுறை 54 இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தாலோ, ஐபி ஆப்ஷன் இருந்தாலோ மெதுவான பாதைக்கு அனுப்புங்கள். ரஸ்ட் மொழியில் இப்படி ஒரு ஸ்லைஸை (தரவின் ஒரு துண்டு) முதலிலேயே வெட்டிக்கொண்டால், மாறாத இடங்களைப் படிக்கும் வரிகளின் சோதனையைப் பெரும்பாலும் கம்பைலரே நீக்கிவிடும். எக்ஸ்டிபியில் (லினக்ஸ் கெர்னலுக்குள் பாக்கெட்டைக் கையாளும் வசதி) வெரிஃபையர், அதாவது நிரலை ஏற்றும் முன் சோதிக்கும் பகுதி, இந்த ஒப்பீடு இல்லாமல் பாக்கெட்டைப் படிக்கும் புரோகிராமை ஏற்றவே விடாது. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும்.

ரஸ்டில் அன்சேஃப் பிளாக் (கம்பைலரின் பாதுகாப்பைத் தளர்த்தும் பகுதி) கட்டாயம் வேண்டுமென்றால், பெர்ஃப் என்ற அளவீட்டுக் கருவியில் அந்த வரி சூடாக (அதிக நேரம் எடுப்பதாக) தெரிந்த பிறகு ஒரே ஃபங்ஷனுக்குள் அடக்கி வையுங்கள். அட்ரஸ் சானிட்டைசரோடு (எல்லை மீறிய மெமரி வாசிப்பைப் பிடிக்கும் கருவி) ஃபஸ்ஸரை (தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்துச் சோதிக்கும் கருவி) அதன் மேல் ஓடவிடுங்கள், அரைகுறையாக வெட்டிய பாக்கெட்டுகளையும் சேர்த்து.