ஒரு கரடி, ஒன்பது வீடியோ

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே கிடையாது. ஒருவர் "கரடி!" என்று போடுவார். அரை மணி நேரத்துக்குள் ஆளாளுக்கு வாசல் கேமரா வீடியோவைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். "இந்த வருஷம் ரொம்பவே அதிகமாயிடுச்சு" என்று யாராவது தீர்ப்பும் எழுதிவிடுவார். போன வாரம் வந்த ஒன்பது வீடியோவையும் நேரப்படி வரிசையாக வைத்துப் பார்த்தேன். கீழ்முனை வீட்டில் இரவு 9.40, எங்கள் வீட்டில் 9.46, மேல்முனையில் 9.58. எல்லாவற்றிலும் காதில் அதே அடையாள வில்லை. ஒரே கரடிதான், தெருவை ஒரு நடை பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், மோரிஸ் கவுண்டியின் வடக்கே. ரூட் 80 நெடுஞ்சாலைக்கு வடக்கு, 287 நெடுஞ்சாலைக்கு மேற்கு என்று ஒரு மூலை இருக்கிறதே, இந்த மாநிலத்துக் கருங்கரடிகளில் பெரும்பாலானவை அங்கேதான். 1971இல் வேட்டையை நிறுத்தியபோது மாநிலம் முழுக்கத் தேடினாலும் நூறு கரடிகூடத் தேறாத நிலை. பழைய பண்ணை நிலங்கள் மறுபடி காடாயின, பென்சில்வேனியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் கரடிகள் வந்து சேர்ந்தன. இப்போது சுமார் 3,000 என்கிறார்கள். 21 கவுண்டியிலும் யாராவது ஒருவர் பார்த்துவிட்டார். ஆக, பெருகியது உண்மை. ஆனால் அது ஐம்பது வருடக் கதை. போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வீடியோவை எண்ணிச் சொல்ல முடியாது.

எண்ணுவதற்கு வேறு வழி இருக்கிறது. கரடியைப் பொறியில் பிடித்து, மயக்க ஊசி போட்டு, மாட்டுக்குப் போடுவதுபோலக் காதில் எண் வில்லை மாட்டி விட்டுவிடுவார்கள். 1971இல் நிறுத்திய வேட்டை பிறகு மறுபடி தொடங்கியது, அதில் விழும் கரடிகளில் எத்தனைக்கு வில்லை இருக்கிறது என்று பார்ப்பார்கள். பேச்சுக்கு, 100 கரடிக்கு வில்லை போட்டிருக்கிறோம், பிறகு வந்த 50இல் 5க்கு வில்லை இருக்கிறது என்றால், மொத்தம் ஆயிரம் வாக்கில் இருக்கும். அவ்வளவுதான் சூத்திரம்.

2022இல் நடந்தது நினைவிருக்கலாம். அந்த வருடம் ஜனவரி முதல் அக்டோபர் வரை மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கு 1,538 புகார்கள் வந்தன, முந்தைய ஆண்டைவிட 237 சதவீதம் கூடுதல் என்று அறிவிப்பு வந்தது. கரடி வேட்டையை நிறுத்துவேன் என்று வாக்குக் கொடுத்து வந்து, நிறுத்தியும் இருந்த அன்றைய ஆளுநர் ஃபில் மர்ஃபி, அதைச் சொல்லியே டிசம்பரில் வேட்டையைத் திரும்பக் கொண்டுவந்தார். வேட்டை சரியா தவறா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. பெண் கரடி ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் குட்டி போடும். ஒரே வருடத்தில் கரடி மும்மடங்காகப் பெருக வழியே இல்லை. பெருகியது புகார். அந்த 1,538இல் கதவை உடைத்ததும் உண்டு, "தோட்டத்தில் நடந்து போனது" என்பதும் உண்டு.

தலைகீழாகவும் நடக்கும். அதே 2022இல் கலிபோர்னியாவின் டாஹோ ஏரிப் பக்கம் வீடு வீடாகப் புகுந்ததாக 'ஹேங்க் த டாங்க்' என்ற ஒரு குண்டுக் கரடி மீது எல்லாப் பழியும் விழுந்தது. மரபணுச் சோதனை செய்து பார்த்தால் குறைந்தது மூன்று கரடிகளின் வேலை!

சரி, மே, ஜூனில் மட்டும் ஏன் இத்தனை நடமாட்டம்? ஒன்றரை வயதுக் குட்டியைத் தாய் தனியே துரத்திவிடும் காலம் இது. இணை தேடும் காலமும் இதுதான். இளம் ஆண் கரடிக்குப் போக்கிடம் தெரியாது, மூக்கு மட்டும் தெரியும். எங்கள் தெருவில் செவ்வாய் காலை குப்பை வண்டி. எல்லோரும் திங்கள் இரவே தொட்டியை வாசலில் வைத்துவிடுவார்கள். நம்மவர்கள் வீட்டில் ஜூனில் மாம்பழப் பெட்டி வந்திறங்கும், தோலும் கொட்டையும் தொட்டியில் கிடக்கும், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு வேறு. அந்த ஒன்பது வீடியோவும் திங்கள் இரவு எடுத்தவை.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்திருக்கும் என் அத்தைக்குக் கரடி புதிதில்லை, பாபநாசம் மலையடிவாரத்தில் வளர்ந்தவர். வீடியோவைப் பார்த்துவிட்டு, "நம்மூர்க் கரடின்னா மேல பாய்ஞ்சிருக்கும்ட்டி. இது என்ன, தின்னுட்டு தம்பாட்டுக்குப் போவுது" என்றார். சரிதான். நம்மூர்க் கரடி புலியோடு காட்டைப் பங்குபோடுவது, எதிர்ப்பட்டால் ஓடாமல் மோதும், முகத்தில்தான் கை வைக்கும். கருங்கரடி பெரும்பாலும் மரமேறித் தப்பிக்கவே பார்க்கும். அதற்காகச் செல்லப்பிராணியும் இல்லை. 2014 செப்டம்பரில் இதே மாநிலத்தின் வெஸ்ட் மில்ஃபர்ட் காட்டில் நடக்கப் போன கல்லூரி மாணவர் ஒருவரைக் கொன்றிருக்கிறது. எதிரில் கண்டால் ஓடாதீர்கள். சத்தம் போட்டபடி மெதுவாகப் பின்னால் நகருங்கள், அது போக வழி விடுங்கள்.

எலும்பைப் பையில் கட்டி செவ்வாய் காலை வரை ஃப்ரீசரில் வைக்கிறேன் என்றதும் அத்தைக்கு முகம் மாறிவிட்டது. "எச்சி எலும்பையா? சாமான் வைக்கிற இடத்துலயா?" இன்னும் சமாதானம் ஆகவில்லை. பறவைத் தீனிக் கூண்டை ஏப்ரலிலேயே கழற்றி வைத்தாயிற்று, சூரியகாந்தி விதை என்றால் கரடிக்கு உயிர். வேண்டுமென்றே தீனி போட்டால் இங்கே 1,000 டாலர் வரை அபராதம். தொட்டியைத் திறந்து வைப்பதற்கு எங்கள் தெருவில் யாரும் அபராதம் கட்டியதாகக் கேள்விப்பட்டதில்லை.

பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டில் விடச் சொல்லி குழுவில் ஒரு மனு சுற்றுகிறது. நான் கையெழுத்துப் போடவில்லை. விட்ட இடத்திலிருந்து திரும்பி வந்துவிடும், வராவிட்டால் காலியான இடத்துக்கு வேறொன்று வரும், திங்கள் இரவுச் சாப்பாடு அப்படியே காத்திருக்குமே. பதிலுக்கு நான் குழுவில் கேட்டது இதுதான்: வீடியோ தாராளமாகப் போடுங்கள். கூடவே நேரம், காதில் வில்லை உண்டா, குட்டி உண்டா, எந்த வீட்டுத் தொட்டி கவிழ்ந்தது என்பதையும் எழுதுங்கள். முதல் மூன்றும் வர ஆரம்பித்திருக்கின்றன.