பழகினால் மட்டும் போதுமா?

வெவ்வேறு பண்பாட்டினர் அருகருகே வாழ்ந்து பழகிவிட்டால் மனவேற்றுமைகள் தாமே கரைந்துவிடும் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால், ஒரே கட்டடத்தில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தும், இடைவேளையில் தத்தம் மொழிக்காரரோடு மட்டுமே அமர்ந்து பேசுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவன்தான்.

உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சந்திப்பு பயன் தர வேண்டுமானால் இரு தரப்பினரும் அந்த இடத்தில் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், அதை அடைய ஒருவர் உழைப்பு மற்றவருக்குத் தேவைப்பட வேண்டும், அந்த இடத்தை நடத்துபவர்களும் அதற்குத் துணைநிற்க வேண்டும் என்பது அவர் கருத்து. பிற்காலத்தில் பெட்டிகுரூ, டிராப் என்ற உளவியலாளர்கள் இருவரும் 515 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவு, இந்த நிபந்தனைகள் முழுவதும் நிறைவேறாத இடங்களிலும் பழக்கம் பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது என்றும், அவை நிறைவேறும்போது பலன் கூடுகிறது என்றும் காட்டியது. ஆகவே என் பழைய நம்பிக்கை முற்றிலும் பொய்யல்ல, அரைகுறையானது.

இவற்றுள் 'தேவைப்படுதல்' என்பதே என்னை மிகவும் ஈர்த்தது. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பினத்தவர், மெக்சிகோ வழிவந்தோர் ஆகியோரின் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் அமர்ந்தபோது, பகைமையும் சச்சரவும் மூண்டன. உளவியலாளர் எலியட் அரான்சனும் அவருடைய மாணவர்களும் அறிவுரை எதுவும் சொல்லாமல், பாடத்தைத் துண்டுகளாக்கி, சிறு குழுவில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார்கள். மற்றவர் சொல்லிக் கொடுத்தாலன்றி முழுப் பாடமும் எவருக்கும் கிடைக்காது, தேர்வோ முழுப் பாடத்திலிருந்தும் வரும் என்ற நிலையில், ஆங்கிலம் தடுமாறிய பிள்ளையைக் கேலி செய்தவர்களே பொறுமையாகக் கேள்வி கேட்டு, அவனிடமிருந்து விவரத்தைப் பெறக் கற்றுக்கொண்டார்கள். அவனுடைய அறிவு அவர்களுக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

'தகவமைதல்' என்ற சொல்லைப் பெரும்பாலும் புதிதாக வந்தவரை நோக்கியே நாம் வீசுகிறோம். ஜான் பெர்ரி என்ற ஆய்வாளர், தன் பண்பாட்டை விடாமலே புதிய சமூகத்திலும் பங்குகொள்ளும் நிலையை ஒருங்கிணைவு என்றார். ஏற்கும் சமூகம் இடம் கொடுக்காவிட்டால் வந்தவர் மட்டும் முயன்று அதை எட்ட முடியாது என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். இந்தப் பின்பாதி ஏனோ எவர் நினைவிலும் தங்குவதில்லை.

வேறொரு நாட்டிலிருந்து வந்த என் சக ஊழியர் ஒருவர், கேள்வி கேட்டால் நெடுநேரம் மௌனமாக இருப்பார். அதை அலட்சியம் என்று எண்ணி, அந்த மௌனத்தை நானே பேசி நிரப்பிவிடுவேன். இருவரும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுத நேர்ந்தபோதுதான், உடனே பதில் சொல்வது கேள்வியையே மதிக்காத செயலாக அவருக்குப் படுகிறது என்று தெரிந்தது. இப்போது நான் காத்திருக்கிறேன், உள்ளுக்குள் தவிப்போடுதான். அவரும் எனக்காக ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டிருக்கிறார்: மௌனத்தில் இறங்குவதற்கு முன், "யோசிக்கிறேன்" என்று ஒரு சொல் சொல்லிவிடுகிறார்.