பானி என்று கூப்பிடப் பழகிய கதை

2013 நவம்பரில் போலந்தின் கிராகோவில் வந்து இறங்கினோம். ஊர்க்காரர்கள் கிராக்குஃப் என்பார்கள், நான் நம் பத்திரிகைகளில் வருகிற மாதிரியே எழுதிவிடுகிறேன். கணவருக்கு ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, எனக்கு ஒன்றும் இல்லை. பாளையங்கோட்டையில் ஏழு வருடம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்திவிட்டு வந்தவள், முதல் வாரமே பால் என்று நினைத்து மோர் வாங்கி வந்து அதில் காபி போட்டேன். நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். தெருவெல்லாம் நிலக்கரிப் புகை. (2019 செப்டம்பரில்தான் வீடுகளில் நிலக்கரி எரிக்கக் கூடாது என்று தடை போட்டார்கள், இப்போது எவ்வளவோ பரவாயில்லை.)

குளிர் நடுவில் ஹீட்டர் நின்றுபோனது. ரிப்பேர்காரருக்குப் போன் போட்டு, மனப்பாடம் செய்து வைத்திருந்த நாலு வாக்கியத்தை ஒப்பித்து, நாளைக்கு வர முடியுமா என்று கேட்டேன். 'நோ, நோ, நோ' என்றார். சரி, மாட்டாராம் என்று வைத்துவிட்டு இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டுகிறார் மனுஷன். போலிஷில் 'நோ' என்றால் நாம் 'ம்', 'ஆமா' என்று சொல்வோமே, அதுதான்! அன்றைக்கே வகுப்பில் சேர்ந்தேன்.

மொழி கஷ்டம் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள், ஏழு வேற்றுமையாம். எட்டு வேற்றுமை படித்து வந்தவளுக்கு ஏழு என்ன பெரிய விஷயம். விளிவேற்றுமைகூட இருக்கிறது, பெயரை நீட்டி மடக்கிக் கூப்பிடுவார்கள். கூடப் படித்த ஆங்கிலேயர் ஒருவர் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், பொய் சொல்வானேன்.

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். கீழ்வீட்டில் ஒரு வயதான அம்மா, ஓய்வு பெற்ற நூலகர். நம்மூர்ப் பழக்கத்தில் மரியாதையாக 'பாப்சியா', அதாவது பாட்டி, என்று கூப்பிட்டேன். முகம் சட்டென்று மாறிவிட்டது. இங்கே பெற்ற பேத்தி மட்டும்தான் அப்படிக் கூப்பிடலாம், வெளியாள் சொன்னால் கிழவி என்று சொன்ன மாதிரி. அக்கா, அண்ணாச்சி, மாமி எதுவும் செல்லாது. ஆணானால் 'பான்', பெண்ணானால் 'பானி', அவ்வளவுதான். அதுவும் எதிரே நிற்கிறவரிடமே படர்க்கையில் பேச வேண்டும், 'பானி காபி குடிப்பாரா?' என்று. பண்ணையார் முன்னால் நின்று 'ஐயா எப்ப வாறாக?' என்று கேட்கிற தோரணை. பானி என்றால் இந்தியில் தண்ணீர் ஆயிற்றே என்று முதல் மாதம் முழுக்க எனக்குச் சிரிப்பு வரும்.

அந்தப் பானிதான் எனக்கு முதல் கதைப் புத்தகம் கொடுத்தார். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கம். புரிந்ததா இல்லையா என்று பார்க்க ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். தமிழில் ஏன் எழுதவில்லை என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். எழுதினால் சரிபார்க்க இங்கே யாரும் இல்லை, ஆங்கிலமானால் வகுப்பு ஆசிரியை திருத்தித் தருவார். அப்படித் தொடங்கியது அப்படியே தொழிலாகிவிட்டது.

தொழில் என்று சொல்வதற்கே கொஞ்சம் தைரியம் வேண்டும். தாய்மொழிக்குள்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்பது இந்தத் துறையில் எழுதாத சட்டம். போலிஷும் என் மொழி இல்லை, ஆங்கிலமும் என் மொழி இல்லை, பெயரோ தமிழ்ப் பெயர். ஒரு பதிப்பாசிரியர் மாதிரிப் பக்கங்களை வாசித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள ஒருவரைக் கூட வைத்துக்கொள்கிறீர்களா என்று எழுதினார். பிழை எங்கே என்று கேட்டேன், பதில் வரவில்லை.

அந்த வாரம் போசெல்ஸ்கா தெரு வழியாக வேண்டுமென்றே நடந்து போனேன். பின்னாளில் ஆங்கிலத்தில் நாவல் எழுதிப் பேர் வாங்கிய ஜோசப் கான்ராட் சிறுவனாக வாழ்ந்த தெரு அது. அவருக்குப் போலிஷ் முதல் மொழி, பிரெஞ்சு இரண்டாவது, ஆங்கிலம் மூன்றாவது. அப்பா அப்பல்லோ கொஜெனியோவ்ஸ்கி கவிஞர், மொழிபெயர்ப்பாளரும்கூட, ஷேக்ஸ்பியரையும் ஹ்யூகோவையும் போலிஷுக்குக் கொண்டுவந்தவர். 1869இல் இதே ஊரில் இறந்தார், ரகோவிட்ஸ்கி கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். நவம்பர் முதல் தேதி இங்கே எல்லாக் கல்லறைகளிலும் கண்ணாடிக் கூட்டுக்குள் விளக்கு ஏற்றுவார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் திருக்கார்த்திகை மாதிரியே இருக்கும். வருடா வருடம் நானும் ஒன்று வாங்கிப்போய் அவருக்கு ஏற்றுகிறேன். மகனுக்கு ஏற்ற ஆயிரம் பேர் இருப்பார்கள்.

காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பக்கக் கணக்கில்தான் கூலி, ஒரு பக்கம் என்றால் இடைவெளியையும் சேர்த்து எண்ணி 1800 எழுத்து. கோர்ட்டு, பதிவாளர் ஆபீஸ் காகிதங்களைச் செய்யும் சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு 1125 எழுத்துதான் ஒரு பக்கம். பிறப்புச் சான்றிதழுக்கு இருக்கிற மதிப்பு நாவலுக்கு இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். முழு நாவல் ஒன்றுக்கு ஒரு வருடம் போய்விடும், அதை மட்டும் நம்பினால் வாடகை கட்ட முடியாது. பல்கலைக்கழகத்துக்காரர்களின் ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஆங்கிலம் திருத்திக் கொடுப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் மொழிபெயர்ப்பாளர் என்பவர் கொடுத்ததைச் செய்கிறவர் மாதிரி இருக்கும். உண்மையில் பாதி நேரம் தரகு வேலை. நாமே புத்தகத்தைக் கண்டுபிடித்து, இருபது பக்கம் செய்து, கதைச்சுருக்கம் எழுதி, இது ஏன் லண்டனிலோ நியூயார்க்கிலோ விற்கும் என்று வாதாடி, பதில் வராத மின்னஞ்சலுக்கு மறுபடி மின்னஞ்சல் போட்டு... போலிஷ் எழுத்தாளர் ஓல்கா டோகார்ச்சுக்கின் 'பியெகுனி' நாவல் போலிஷில் வந்தது 2007இல். ஜெனிஃபர் கிராஃப்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு புத்தகமாக வந்தது 2017இல். அடுத்த வருடம் சர்வதேச புக்கர் பரிசு, 50,000 பவுண்டில் எழுத்தாளருக்குப் பாதி, மொழிபெயர்ப்பாளருக்குப் பாதி. பாதிப் பரிசை எல்லோரும் பேசுகிறார்கள், அந்தப் பத்து வருடத்தை யாரும் பேசுவதில்லை. நல்லவேளையாக இந்த ஊரிலேயே புத்தக நிறுவனம் என்று ஒரு அரசு அமைப்பு இருக்கிறது. வெளிநாட்டுப் பதிப்பாளருக்கு மொழிபெயர்ப்புச் செலவைக் கொடுத்து உதவுகிறது, மாதிரி மொழிபெயர்ப்புகளுக்கும் திட்டம் வைத்திருக்கிறது. அது இல்லாமல் போலிஷ் புத்தகங்களில் பாதி வெளியே வராது என்பது என் அபிப்பிராயம்.

வேலையில் எனக்குப் பிடித்ததே இந்தச் சின்னச் சின்னச் சிக்கல்கள்தான். போலிஷில் 'நான் போனேன்' என்று ஒருத்தி சொன்னாலே பெண் என்று வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் காட்டாது, தமிழிலும் காட்டாது. முதலில் செய்த கதையில் சொல்கிறவள் பெண் என்று மூன்றாம் பக்கம் வரை தெரியவில்லை என்று எடிட்டர் எழுதினார். மூலத்தில் அவள் ஓடையில் இறங்கி நடப்பாள், அவ்வளவுதான் இருக்கும். பாவாடை ஓரம் நனைந்தது என்று மூன்று சொல் சேர்த்தேன், கதாசிரியரிடம் கேட்டுவிட்டுத்தான்.

காபியை அவர்கள் காவ்கா என்று கொஞ்சிச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'லிட்டில் காபி' என்றால் சின்ன டம்ளர் என்று ஆகிவிடுகிறது. நம்மிடம் 'ஒரு வாய் காபி' இருக்கிறது, அச்சு அசல் அதுவேதான். ஆனால் நான் செய்வது ஆங்கிலம், அது அங்கே உதவாது. அதைவிடப் பெரிய தலைவலி, பான், பானி என்று பேசிக்கொண்டிருந்த இருவர் ஒருநாள் பெயர் சொல்லி 'நீ' என்று பேச ஆரம்பிக்கும் இடம். தமிழில் 'நீங்க' போய் 'நீ' வந்தால் வாசிக்கிறவருக்கே மனசு படபடக்கும். ஆங்கிலத்தில் முன்னும் 'யூ', பின்னும் 'யூ'. நான் செய்வது, அதுவரை இருவரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லாமலே பேச வைத்து, அந்த இடத்தில் முதல்முறையாகப் பெயரைச் சொல்ல வைப்பது.

குறுக்கு வழியில் போனால் என்ன ஆகும் என்பதற்கு போலிஷ் எழுத்தாளர் லெம்மின் 'சொலாரிஸ்' நாவல் இருக்கிறது. 1970இல் வந்த ஆங்கிலப் புத்தகம் பிரெஞ்சிலிருந்து செய்தது. நேரடியாகப் போலிஷிலிருந்து பில் ஜான்ஸ்டன் செய்தது 2011இல்தான் வந்தது. தமிழுக்குப் போகிற போலிஷ் எழுத்து பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தானே போகிறது. நான் தப்பாக எழுதினால் நாளைக்கு யாரோ ஒருவர் மதுரையில் உட்கார்ந்து அதே தப்பைத் தமிழில் எழுதுவார் என்று ராத்திரி யோசித்தால் தூக்கம் வராது.

என் முதல் நாவல் அச்சாகி வந்த அன்று அட்டையில் என் பெயர் இல்லை. உள்ளே, பதிப்புரிமைப் பக்கத்தில், கடுகளவு எழுத்தில் இருந்தது. அம்மா போனில் கேட்டாள், 'ஒன் பேரு எங்க இருக்கு?' கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலாம் பக்கம் பார் என்றேன். 2021இல் கிராஃப்ட், இனி அட்டையில் பெயர் இல்லாமல் எந்தப் புத்தகத்தையும் மொழிபெயர்க்க மாட்டேன் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். அவர் பெரிய ஆள், சொல்லலாம். ஆனாலும் அதற்குப் பிறகு வந்த ஒப்பந்தத்தில் நானும் அந்த வரியைக் கேட்டுப் போட வைத்தேன், கை நடுங்கத்தான் செய்தது.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு கீழ்வீட்டுப் பானி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அன்றைக்கு அவர்கள் கறி சேர்ப்பதில்லை, மீன் மட்டும் உண்டு. மேஜையில் எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று ஒரு தட்டு காலியாக வைப்பார்கள். உலர்ந்த பழம் ஊறிய தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு, இத்தனை வருடம் ஆகிவிட்டது, இனிமேல் பானி வேண்டாம், பெயர் சொல்லியே கூப்பிடு என்றார். வயதில் பெரியவர்தான் அதைச் சொல்ல முடியும், பெரிய மரியாதை அது. எத்தனையோ பாத்திரங்களுக்கு இந்த இடத்தை எழுதியவள் நான். ஆனால் எண்பதை நெருங்கும் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. இன்றுவரை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. மாடிப்படியில் கண்டால் 'காபி குடிக்கலாமா?' என்று மட்டும் கேட்கிறேன், கதவைத் தட்டும்போது லேசாகச் செருமிக்கொள்கிறேன்.