தொட்டிக்கு வந்த தேரைகள்: ஒரு மழைக்கால நாட்குறிப்பு

அக்டோபர் 16, 2024, புதன்

ராத்திரி நல்ல மழை. காலையில் துணி அலசக் கொல்லைக்குப் போனால், சிமெண்டுத் தொட்டியின் உள்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, வெள்ளையாக ஒரு நுரை உருண்டை அப்பிக்கொண்டிருந்தது. முதலில் சோப்பு நுரை என்றுதான் நினைத்தேன். தொட்டால் உடையவில்லை. முட்டை வெள்ளைக்கருவை அடித்து வைத்ததுபோல் விரலோடு ஒட்டி இழுத்தது.

மாமியார் துடைப்பத்தோடு வந்துவிட்டார். "தேரை கக்கிட்டுப் போயிருக்கு. வழிச்சு எறிஞ்சுட்டுத் தொட்டியக் கழுவு" என்றார். மகன் குறுக்கே வந்து நின்றுகொண்டான். "அப்பத்தா, அது கக்குனது இல்ல. முட்டை. உள்ள நூத்துக்கணக்குல இருக்கும்."

அவன் சொன்னது சரி. மூன்று வருஷமாக எங்கள் குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் குடியிருக்கிறதே, அந்த மரத்தவளை இனத்தின் வேலை இது. இந்தப் பக்கம் அதைத் தேரை என்றுதான் சொல்வோம். பெண் தவளை ஒரு திரவத்தைச் சுரந்து, பின்னங்கால்களால் தயிர் கடைவதுபோலக் கடைந்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். ஆண் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். நுரையின் மேல்பக்கம் காய்ந்து தோலாகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். குஞ்சு பொரிந்ததும் கீழே தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விழும். அதனால்தான் தண்ணீருக்கு நேர்மேலே இடம் பார்த்து ஒட்டுகிறது.

துணியை வாளியில் அலசிக்கொண்டேன்.

அக்டோபர் 18, வெள்ளி

நுரையின் வெள்ளை போய் மங்கிய மஞ்சள் ஏறிவிட்டது. மேலே தொட்டால் அப்பளம் மாதிரி மொறமொறப்பு.

மாமியாருக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டில் தேரை தங்கினால் தென்னையில் காய் ஒல்லியாகப் போகும், பிள்ளை மேல் தேரை பாய்ந்தால் பிள்ளை இளைத்துப்போகும் என்று கேட்டே வளர்ந்தவர். தேங்காயை உடைத்து உள்ளே பருப்பு இல்லையென்றால் "தேரை மோந்த காய்" என்று நாங்களும்தான் சொல்கிறோம். பாவம், அந்தத் தேரை தேங்காயை என்ன செய்ய முடியும்? அதற்குப் பல்லே பெயருக்குத்தான், அசைகிற பூச்சியைத் தவிர வேறெதையும் தின்னாது. மரத்துக்குச் சத்துக் குறைந்தாலும் மகரந்தம் சரியாகச் சேராவிட்டாலும் காய் ஒல்லியாகும். குரும்பையில் சிலந்திப் பேன் விழுந்தாலும் காய் சிறுத்துப்போகும். மட்டையிடுக்கில் ஈரத்துக்கு ஒதுங்கியிருந்த குற்றத்துக்காகப் பழி தேரை மேல் விழுந்துவிட்டது. இதை மாமியாரிடம் மெதுவாகச் சொன்னேன். பதில் இல்லை. ஆனால் துடைப்பத்தைக் கொல்லைக்குக் கொண்டுவரவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

விழ ஆரம்பித்துவிட்டன! நுரையின் அடிப்பக்கம் இளகி நூலாகத் தொங்குகிறது. அந்த நூலில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய தலைப்பிரட்டைகள் நெளிந்து நெளிந்து சொட்டுகின்றன. மகனும் நானும் தொட்டி விளிம்பில் தாடையை வைத்து ஒரு மணி நேரம் பார்த்தோம். இட்லிக்கு மாவு எடுத்து வைத்ததே மறந்துபோயிற்று.

அக்டோபர் 24, வியாழன்

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மகன் வீடியோவில் வந்தான். அவன் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை ஒன்று வளர்க்கிறான். அங்கே வீட்டில் வளர்க்க அனுமதியுள்ள ஒருசில உயிர்களில் அதுவும் ஒன்று. கொழுகொழுவென்று பச்சை மண்ணில் பிடித்து வைத்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. பதினைந்து வருஷத்துக்கு மேல்கூட வாழுமாம். கண்ணாடிப் பெட்டி, வலை மூடி, ஏறிக்கொள்ளக் கிளை, தினமும் இரண்டு வேளை தண்ணீர்த் தெளிப்பு, உயிரோடு வெட்டுக்கிளி என்று அதற்கு ஒரு தனிக் குடித்தனமே நடக்கிறது.

"அத்தை, தவளை வளக்குறதுன்னா பாதி வேலை தண்ணி பாக்குறதுதான். அது வாயால குடிக்காது, தோலால குடிக்கும். தண்ணியில என்ன இருந்தாலும் உடம்புக்குள்ள போயிரும்" என்றான். அங்கே குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்த மருந்து இருக்கும், அதை முறிக்கும் மருந்தைக் கலந்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். சோப்போ உப்போ பட்ட கையால் தொடவே கூடாது. மகன் நோட்டில் எழுதிக்கொண்டான். நான் எழுதிக்கொள்ளவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனபோது கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெரிய தேரை வெளியே வந்து சுவரில் ஒட்டியிருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், முன்னங்கையால் தலையைத் துடைத்தது, பின்னங்காலை வளைத்து முதுகைத் துடைத்தது, அப்புறம் விலா. ஒரு இடம் விடாமல் தேய்த்தது. தோலிலிருந்து கசியும் பசையை உடம்பு முழுக்கப் பூசிக்கொண்டால் ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. இந்த இனத் தவளைகள் வறண்ட நாளைத் தாக்குப்பிடிக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. தலையில் நல்லெண்ணெயோடு நான் கீழே, பசை பூசிக்கொண்டு அது மேலே. முடித்ததும் கைகால்களை உடம்புக்கடியில் மடக்கி வைத்து, சுவரில் ஒட்டிய ஒரு சாம்பல் கூழாங்கல்லாகிவிட்டது.

நவம்பர் 2, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்க வேண்டும்.

நாலு நாளாக மழை இல்லை, தொட்டியில் தண்ணீர் இறங்கிவிட்டது. நேற்று மாலை போர் மோட்டாரைப் போட்டு நானே நிரப்பினேன். எங்கள் போர்த் தண்ணீர் சவர், உப்புக் கரிக்கும். கடல் இங்கிருந்து நடந்துபோகும் தூரம்தான். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. துணிக்கும் பாத்திரத்துக்கும் இத்தனை வருஷம் ஊற்றிப் பழகிய கை யோசிக்காமல் ஊற்றிவிட்டது.

காலையில் பார்த்தால் அடியில் கறுப்பாகப் படிந்து கிடந்தன. மீதியுள்ளவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மகன் ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. டீ வடிகட்டியை எடுத்துவந்து உயிருள்ளவற்றை ஒவ்வொன்றாக அள்ளினான். மாமியார்தான் உள்ளே போய், பானையில் நேற்றுப் பிடித்து வைத்திருந்த காவிரித் தண்ணீரைப் பேசினுக்கு ஊற்றினார். குடிக்க வைத்திருந்த தண்ணீர். "கல்லுக்குள்ள இருக்குற தேரைக்கே படியளக்குறவன் இருக்கான். இதுக நம்ம வீட்டுல வந்து விழுந்திருக்கு" என்றார்.

எண்ணினோம். அறுபத்து மூன்று.

நவம்பர் 9, சனி

தள்ளுவண்டியில் நாலு குடத்தோடு ஊரணிக்குப் போய் வந்தேன். தொட்டியைக் கழுவி அந்தத் தண்ணீரை ஊற்றி, எல்லாவற்றையும் திரும்ப விட்டாயிற்று. அரைக்கீரையை வேகவைத்து, பிழிந்து, கட்டைவிரல் நகமளவு போடுகிறோம். அதிகம் போட்டால் மறுநாளே தண்ணீர் நாறும். கீரையின் விளிம்பில் வரிசையாக வாய்வைத்துச் சுரண்டும்போது இலை தானாக ஆடுவதுபோல் இருக்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

வாலின் அடியில் இரண்டு பக்கமும் மொட்டு மாதிரி பின்னங்கால்.

நவம்பர் 21, வியாழன்

நேற்றைய மழையை இந்தக் கரையில் யாரும் மறக்கப்போவதில்லை. ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர். பாம்பனில் மூன்றே மணி நேரத்தில் 19. எங்கள் தெரு ஓடையாகிவிட்டது. தொட்டி நிரம்பி வழிகிறது, பிள்ளைகள் வெளியே போய்விடும் என்று மகன் பழைய கொசுவலையை மேலே போர்த்தி நான்கு பக்கமும் செங்கல் வைத்தான். நான் வீட்டுக்குள் வந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தேன். இன்று எண்ணியதில் ஐம்பத்தெட்டு. மீதி ஐந்தும் வழிந்த தண்ணீரோடு வெளியே போயிருக்கும். மீனவர் தெருவில் பல வீடுகளுக்குள் இன்னும் தண்ணீர் நிற்கிறது. என் வீட்டுக்காரருடைய அக்கா குடும்பம் எங்களோடுதான் இருக்கிறது.

டிசம்பர் 6, வெள்ளி

முன்னங்கால்களும் வந்துவிட்டன. இதுதான் ஆபத்தான கட்டம். செவுள் மறைந்து நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கும்போது ஏறி உட்கார இடமில்லையென்றால் தவளைக்குஞ்சு தண்ணீரிலேயே மூழ்கிச் செத்துப்போகும். தென்னம்பாளை ஒன்றைச் சாய்வாக உள்ளே இறக்கினோம். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோது பாளையில் பதினொன்று. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு. பின்னால் இன்னும் அரை வால். இப்போது அவை எதுவும் தின்னாது, வாலே உடம்புக்குள் கரைந்து சாப்பாடாகிவிடும். ஒன்று என் கண்ணெதிரே கொசுவலையில் ஏறியது. விரல் நுனியில் குண்டூசித் தலையளவு வட்டத் தட்டு, அதைப் பதித்து, பிரித்து, மறுபடி பதித்து ஏறியது.

டிசம்பர் 13, வெள்ளி, திருக்கார்த்திகை

மகன் பத்துக் குஞ்சுகளைப் பழைய மீன்தொட்டியில் வைத்திருக்கிறான். கனிந்த வாழைப்பழத் தோலில் வரும் குட்டி ஈக்கள்தான் சாப்பாடு. இன்று விளக்கு ஏற்றியதும் திண்ணைக்கு வந்த சிறு பூச்சிகளையும் பிடித்துப் போட்டான். ஒன்று விழுங்குவதை மிகக் கிட்டத்தில் பார்த்தேன். நாக்கு போய் வந்தது தெரியவில்லை. ஆனால் விழுங்கும்போது இரண்டு கண்களும் தலைக்குள் அமிழ்ந்தன. கண்ணாலேயே அழுத்தி இரையைத் தொண்டைக்குள் தள்ளுகிறது.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். சிங்கப்பூர்க்காரன் வளர்ப்பது எங்கோ பெட்டியில் பிறந்து பெட்டியில் வளர்ந்த தவளை, அதற்கு வேறு வீடு கிடையாது. இவற்றுக்கு இந்தக் கொல்லையே வீடு. கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். அப்புறம், "அப்ப கண்ணாடிக்குப் பின்னாடி இருக்குறது?" என்றான். அது தானாக வந்தது, தானாக இருக்கிறது, இருக்கட்டும்.

டிசம்பர் 22, ஞாயிறு

இருட்டியதும் விட்டோம். வேறு ஊரணிக்குக் கொண்டுபோகவில்லை. ஓரிடத்துத் தவளையை இன்னோரிடத்தில் விட்டால் நோயும் கூடவே போய்ச் சேரலாம். இங்கேயே வாழையடியில், தொட்டி ஓரத்தில், தென்னை மட்டை இடுக்கில். நாற்பத்தொன்று. மாமியார் வாழைக்கு இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றி இலையை நனைத்துவிட்டார். ஒன்று மகனின் மணிக்கட்டில் குந்தி வெகுநேரம் போகவில்லை. தொண்டை மட்டும் படபடவென்று துடித்தது. அவனும் கையை அசைக்காமல் நின்றான்.

ஜனவரி 19, 2025, ஞாயிறு

பொங்கல் முடிந்தது, மழையும் முடிந்தது. வாழைக் குருத்துக்குள் ஒன்றைப் பார்த்தேன், கட்டைவிரல் நுனி அளவுக்கு வளர்ந்திருக்கிறது. ராத்திரி குளியலறையில் பெரியது டக், டக்டக் என்று மரத்தைத் தட்டுவதுபோல் குரல் கொடுக்கிறது.

குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை. வீட்டில் இரண்டு குடம்தான் இருக்கிறது. ஒரு செம்பு எடுத்துச் சிரட்டையில் ஊற்றி, கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.