‘யோ’ வேண்டாத இடம்: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு ஸ்பானிஷ் நாட்குறிப்பு

ஜூன் 4

போனில் ஸ்பானிஷ் படிக்கிறேன், இன்று மூன்றாவது வகுப்பு. டீச்சர் கொலம்பியாவில், போகோட்டாவில் இருக்கிறார். அவருக்குக் காலை எட்டரை, எனக்கு இரவு ஏழு. மாம்பழ சீசன், கூழ் ஃபாக்டரியிலிருந்து வந்து கையில் தோத்தாபுரி வாசனை போகுமுன்னே போனைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன்.

என்னைப் பற்றி மூன்று வரி எழுதிக் காட்டினேன். ‘யோ பீவோ என் கிருஷ்ணகிரி. யோ த்ரபாஹோ என் உனா ஃபாப்ரிகா. யோ தேங்கோ உனா சோப்ரினா.’ கிருஷ்ணகிரியில் இருக்கிறேன், ஃபாக்டரியில் வேலை, அக்கா மகள் ஒருத்தி இருக்கிறாள். டீச்சர் மூன்று ‘யோ’வையும் அடித்துவிட்டார். யோ என்றால் நான். இலக்கணப் பிழை இல்லையாம். ஆனால் வரிக்கு வரி வந்தால், மார்பைத் தட்டி ‘நானாக்கும், நானாக்கும்’ என்பது போலக் கேட்குமாம்.

படுத்த பிறகுதான் பள்ளியில் படித்த ‘தோன்றா எழுவாய்’ நினைவுக்கு வந்தது. ‘வந்தேன்’ என்றாலே போதும், யார் வந்தது என்று எவரும் கேட்பதில்லை. ‘ஏன்’ விகுதி சொல்லிவிடுகிறது. ஸ்பானிஷிலும் பாருங்கள்: ஆப்லோ, பேசுகிறேன். ஆப்லாஸ், பேசுகிறாய். ஆப்லாமோஸ், பேசுகிறோம். அப்படியே நம் வழி! இங்கிலீஷில் ஐ ஸ்பீக், யூ ஸ்பீக், வீ ஸ்பீக் என்று வினை அசையாமல் நிற்பதால் முன்னால் ஆள் பெயர் வந்தே ஆகவேண்டும். அந்தப் பழக்கத்தைத்தான் ஸ்பானிஷுக்குள் சுமந்து போயிருக்கிறேன். எழுந்து லைட்டைப் போட்டு, நோட்டில் இங்கிலீஷ் அர்த்தங்களை அடித்துவிட்டுத் தமிழில் எழுதினேன்.

ஜூன் 7

தமிழை நம்பிப் போனால் ஒரு இடத்தில் கால் இடறுகிறது. அக்கா மகள் கேட்டாள்: “சித்தி, ‘ஆப்லா எஸ்பாஞோல்’னா என்ன?”

“ஸ்பானிஷ் பேசுறான்.”

“பேசுறாள்னும் இருக்கலாமே? பேசுறார், நீங்க பேசுறீங்க... எல்லாத்துக்கும் ஆப்லாதான்.”

உண்மைதான். நம் வினை ஆண், பெண், மரியாதை மூன்றையும் வாலிலேயே வைத்திருக்கிறது. ஸ்பானிஷ் வினை வைத்திருக்கவில்லை. குழப்பம் வரும் இடத்தில் எல் (அவன், அவர்), எய்யா (அவள்), உஸ்தேத் (நீங்கள்) சொல்லியாக வேண்டும். யார் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், ஆள் மாறும் வரை மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

ஒப்பிடும்போதும் பெயர்ச்சொல்லோ ‘யோ’வோ வேண்டும். ‘யோ தோமோ தே, எய்யா தோமா கஃபே.’ நான் டீ, அவள் காபி. தமிழிலும் இங்கே ‘நான்’ விழாது.

ஜூன் 12

தூ என்றால் நீ, உஸ்தேத் என்றால் நீங்கள். இது எளிது என்று நினைத்தேன். ஆனால் உஸ்தேத் வரும்போது வினை மட்டும் ‘அவர்’ வினையாக, படர்க்கையில் வருகிறது. ஏன் என்று கேட்டதற்கு டீச்சர் சொன்ன காரணம் மனதில் நின்றுவிட்டது: ‘வுஎஸ்த்ரா மெர்செத்’ என்ற பழைய மரியாதைச் சொல்தான் தேய்ந்து உஸ்தேத் ஆனது. ‘தங்கள் அருள்’ என்கிற மாதிரி. பழைய மனுக்களில் ‘கலெக்டர் அவர்கள் சமூகத்துக்கு’ என்று எழுதுவோமே, அதே பணிவு. எதிரில் இருப்பவரிடம் பேசினாலும் பேச்சு அவருடைய அருளைப் பற்றியது, அதனால் படர்க்கை.

போகோட்டாவில் வீட்டுக்குள்ளேயே, நண்பர்களுக்குள்ளேயே பலர் உஸ்தேத் என்றுதான் பேசிக்கொள்வார்களாம். ஆனால் ஜெபத்தில் கடவுளைத் தூ என்பார்களாம். நானும் அம்மாவை நீ என்கிறேன், முருகனையும் நீ என்கிறேன், அக்கா வீட்டுக்காரரை நீங்கள் என்கிறேன். மரியாதையை மட்டும் வைத்து இதை அளக்க முடியாது.

அர்ஜென்டினாவில் தூவுக்குப் பதில் வோஸ். ஸ்பெயினில் நெருக்கமான பலரை வோசோத்ரோஸ் என்பார்கள். லத்தீன் அமெரிக்காவில் பலர் என்றால், நெருக்கமானவர்களோ இல்லையோ, எல்லாருக்கும் உஸ்தேதெஸ். எனக்கு இப்போதைக்கு உஸ்தேதெஸ் போதும்.

ஜூன் 15

சாயங்காலம் நல்ல மழை. யுவேவே. ஒரே சொல், முழு வாக்கியம். நமக்கு ‘மழை பெய்யுது’ என்று மழையாவது வேண்டும். ஸ்பானிஷுக்கு அதுவும் வேண்டாம். அழகாக இருக்கிறது.

ஜூன் 21

பழம் பிரிக்கும் பெல்ட்டில் நாங்கள் பதினோரு பேர், எல்லாரும் பெண்கள். ஸ்பானிஷில் நாங்கள் நோசோத்ராஸ். மெக்கானிக் அண்ணன் பெல்ட்டைப் பார்க்க வந்து எங்களோடு நின்றால் அந்த நிமிஷமே நோசோத்ரோஸ். பதினோரு பெண்ணும் ஒரே ஆணுக்காக மாற வேண்டும். எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனாலும் விதி அதுதான்.

தமிழ் இதைக் கேட்பதில்லை; வேறொன்றைக் கேட்கிறது. நாமா, நாங்களா? பெல்ட்டில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. அவர்களுக்கும் மனமு, மேமு என்று இரண்டு உண்டு. ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் கன்னட அக்காவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ‘நாவு’. ஸ்பானிஷ் அந்த அக்கா பக்கம். இடைவேளையில் ‘கோமேமோஸ்’ (சாப்பிடுகிறோம்) என்று சொல்லிக் காட்டினேன். பக்கத்தில் இருந்தவள் டிபன் டப்பாவைத் திறக்காமலே கேட்டாள்: “என்னையும் சேர்த்தா, சேர்க்காமயா?” பதில் சொல்ல அந்த மொழியில் இடமில்லை. டப்பாவை என் பக்கம் இழுத்துத் திறந்தேன்.

ஜூன் 26

‘யோ’ கட்டாயம் வேண்டிய இடம் ஒன்று இன்று படித்தேன். யார் செய்தது என்றால் ‘யோ’. கதவுக்கு வெளியே யார் என்றால் ‘சோய் யோ’. வினை முன்னால், நான் பின்னால், அழுத்தம் முழுக்க அந்தக் கடைசிச் சொல்லில். நம் ‘நான்தான்’.

ஒன்பது மணிக்குக் கதவு தட்டும் சத்தம். டியூஷன் முடிந்து நனைந்து வந்திருக்கிறாள்.

“யாரு?”

“சோய் யோ, சித்தி. சீக்கிரம் திற.”