ஒற்றைச் செருப்புடன் நின்ற காலை

நமது சங்கத்தின் வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது, சென்ற மாசியில் காலமான தமிழாசிரியரைத் தவிர வேறெவரையும் பற்றி எழுத மனம் இடந்தரவில்லை.

1979ஆம் ஆண்டு, எட்டாம் வகுப்பு. இரண்டாம் மணிக்கு முன் மண்டபத்தை அடைய ஓடியபோது என் வலக்காற் செருப்பின் வார் அறுந்தது. முன்னரே அறுந்து, அம்மா சட்டைப்பின் குத்தித் தந்த வார் அது. வரிசையைப் பார்வையிட்ட ஆசிரியர் ஒருவர், அந்தச் செருப்பைக் கையில் உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, தேவாரம் முடியும்வரை மேடையருகே என்னை நிறுத்தினார். துருப்பிடித்த பின் உள்ளங்கையில் குத்தியதும், ஒரு காலில் மட்டும் சீமெந்துத் தரையின் ஈரம் ஏறியதும் இன்னும் என் உடம்பில் இருக்கின்றன.

முதலாம் பாடம் தமிழ். "இப்படி முன்னுக்கு வந்து இரும், தம்பி" என்ற சேர், ஆறுதலாக ஒரு சொல்லும் சொல்லாமல், புத்தகத்தை மூடிவைத்துக் கிரேக்கக் கதையொன்றைத் தொடங்கினார். ஒற்றைச் செருப்புடன் வருபவனால் உனக்குக் கேடு என்று குறிகேட்டிருந்த பீலியஸ் மன்னன், ஆற்றைக் கடக்கையில் ஒரு செருப்பை இழந்து வந்த ஜேசனைக் கண்டு நடுங்கிய கதை அது. பறித்த அரியணையில் அமர்ந்திருந்தவனை நடுங்கவைத்தது வாளன்று, வெறுங்கால் ஒன்று என்று அவர் சொன்னபோது, வகுப்பு என்னைப் பார்த்த பார்வை மாறியது.

அந்தத் தவணை முழுவதும், பாடத்திட்டம் எப்படிப் போனாலும், செருப்புக் கதைகள் தொடர்ந்தன. நீராடிய ரோடோபிஸின் செருப்பைக் கழுகு கவ்விச் சென்று எகிப்திய மன்னனின் மடியில் இட்டதையும், 1697இல் பிரான்சில் அச்சேறிய சின்டரெல்லாவின் கண்ணாடிச் செருப்பையும் சொன்னார். கிரிம் சகோதரர்களின் கதையில் ஒரு அக்கா விரலையும் மற்றவள் குதியையும் வெட்டிப் பொற்செருப்புக்குள் காலை நுழைக்க, புறாக்கள் இரத்தத்தைக் காட்டிக்கொடுக்கும். அன்று அந்த அக்காமாரை வெறுத்தேன். பிறருக்கென அளவெடுத்த வாழ்க்கைக்குள் என்னை நுழைக்க முயன்ற முதற் பத்தாண்டுகளில், அவர்களுக்காக இரங்கக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் அவருடைய குரல் தழுதழுத்தது நம்முடைய கதைகளிலேதான். கண்ணப்பரைப் பாடிய மாணிக்கவாசகர் 'செருப்புற்ற சீரடி' என்று தொடங்கும் இடத்தில் சற்று நின்று, வாசலில் விடவேண்டிய பொருளைத் திருவாசகத்துக்குள் கொண்டுவந்த சொல்லைப் பாருங்கள் என்பார். பரதனுக்கு ஒரு வாரமே ஒதுக்கினார். வான்மீகத்தில் பொன்னணிந்த பாதுகைகளைப் பரதனே இராமன்முன் வைக்கிறான். இராமன் அவற்றில் ஏறி நின்று திருப்பித் தருகிறான். ஆகவே, பாதம் பட்டதே போதுமானதாயிற்று என்பது அவர் விளக்கம். நந்திக்கிராமத்தில் 14 ஆண்டுகள் அரசாண்டது, போனவன் திரும்பி வருவான் என்ற வாக்கு. குறித்த நாளில் அவன் வராவிட்டால் தீப்புகுவதென்று பரதன் சபதம் செய்திருந்ததையும் மறக்காமல் சொல்வார்.

1984இல், பயணத்துக்கு முதல்நாள், விடைபெற அவர் வீட்டுக்குப் போனேன். புதுச் சப்பாத்தைப் படியில் கழற்றிவிட்டு உள்ளே சென்றேன். திரும்பும்போது அவர் குனிந்து, மாறிக் கிடந்த சப்பாத்துகளை நேராக்கி வைத்ததைக் கண்டு பதறிப்போனேன். "போயிட்டு வாறன், சேர்" என்றேன். முதலில் போர், பிறகு பிள்ளைகளின் படிப்பு, பிறகு எனக்கே சரியாகத் தெரியாத காரணங்கள். மூன்றாவது பதினான்கும் முடியப்போகிறது.

இறுதிச் சடங்கை ரொறன்ரோவில், பனி பெய்த இரவொன்றில், கைப்பேசியில் பார்த்தேன். படம்பிடித்தவர் உள்ளே நுழையுமுன் வாசற்படியைச் சற்று நேரம் காட்டினார். நாம் ஏறியிறங்கிய அதே படி. அதில் நூற்றுக்கணக்கான செருப்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக, யாரும் நேராக்கி வைக்காமல் கிடந்தன.