பெருமாள் மாமாவுக்கும் வீராயி பெரியம்மாவுக்கும் நடுவில் ஒரு பூச்சியம்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு இந்த வருடம் கமிட்டி கொழும்பிலிருந்து ஓர் ஒளிப்பலகை வாங்கியிருக்கிறது. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உபயகாரர்களின் பெயர்களைத் தலைவர் ஒலிபெருக்கியில் வாசித்த காலத்தை அனுபவித்த எவருக்கும் இருக்காது. கொடியேற்றத்தன்று மாலை மூடுபனி இறங்கிக் கோபுரத்தையே மறைத்துவிட்ட பிறகும், பலகையின் சிவப்பு எழுத்துகள் மட்டும் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தன. அதில்தான் மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் திரண்டு நின்று பார்க்க, “பெருமாள்வீராயி – ரூ. 5000” என்று வந்தது.

பொதுப் பீலியில் தண்ணீர் பிடிக்கும் விவகாரத்துக்குப் பிறகு அந்த இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஓர் ஆணின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு பெண்ணின் பெயர் வந்தால், அவர் மகளாக இருக்க வேண்டும் அல்லது மனைவியாக இருக்க வேண்டும். பெரியம்மா மாமாவை விட மூத்தவர் என்பதால் மகள் என்பது தள்ளுபடி என்று லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகளின்) பெண்கள் முடிவுகட்டிக்கொண்டிருந்தபோதே, பலகை அடுத்ததாக “வீராயி – ரூ. 3000” என்றும் அறிவித்தது. சேர்ந்து ஐயாயிரம், போதாததற்குத் தனியாக மூவாயிரம்! அத்தை கையிலிருந்த அர்ச்சனைத் தட்டைப் பூசாரியிடம் கொடுக்காமலேயே காம்பராவுக்குத் திரும்பிவிட்டார். அன்றிரவு மாமாவுக்கு ரொட்டி கிடைத்ததா என்று விசாரிக்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

சற்று நேரத்தில் “சுப்பிரமகிருஷ்ணமமுத்து” என்றொருவர் இரண்டாயிரம் ரூபாயுடன் தோன்றினார். யாரோ பெரிய வித்துவான் வந்திருக்கிறார் என்று நாதஸ்வரக் கோஷ்டியினர் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தார்கள்.

கணினி படித்தவன் என்ற பாவத்துக்காக எங்கள் வீட்டில் ரைஸ் குக்கர் முதல் தொலைக்காட்சி ரிமோட் வரை என் தலையில்தான் விழும். ஆகவே கமிட்டிச் செயலாளர் என்னைத் தேடி வந்ததில் வியப்பில்லை. விற்றவரிடம் முதலில் தொலைபேசியில் கேட்டாராம். பெயர்களை ஆங்கில எழுத்தில் அடித்தால் எல்லாம் சரியாக ஓடும் என்று அந்த மகானுபாவர் யோசனை சொல்லியிருக்கிறார். செயலாளரும் பாதி மனதாக இருந்தார். நான்தான் பிடிவாதமாகப் பலகைக்குள் இருந்த சின்னக் கணினியைத் திறந்து, பெயர்ப்பட்டியலைப் படித்துக்கொடுக்கும் நிரலைப் பார்த்தேன். சி மொழியில் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் 24 பைட் இடம்; பைட் என்பது கணினி நினைவகத்தின் ஒரு சிறு அலகு.

சி மொழிக்கு எழுத்துச்சரம் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. பைட்டுகள் வரிசையாக நிற்கும். பூச்சிய மதிப்புள்ள ஒரு பைட் எங்கே வருகிறதோ அங்கே சரம் முடிந்தது என்று அது எடுத்துக்கொள்ளும். அந்தப் பூச்சியம்தான் லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர். சுவர் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் நம் குடும்பத்து ஆள்தான். இனிப் பெருமாளை எண்ணிப் பாருங்கள். நம் கண்ணுக்கு நான்கே எழுத்து. எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் பொதுமுறையான யுனிகோட்டிலோ பகரம் தனி, அதன் கொம்பு தனி, ரகரம் தனி, அதன் உகரக் குறி தனி, மகரம் தனி, அதன் கால் தனி, ளகரம் தனி, கடைசிப் புள்ளியும் தனி. ஆக எட்டுக் குறிகள். அவற்றைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். எட்டு மூன்று இருபத்து நான்கு. மாமா தம் காம்பராவில் அங்குலம் விடாமல் நிறைந்துவிட்டார்; பூச்சியத்துக்கு இருபத்தைந்தாவது பைட் இல்லை. பட்டியலில் அடுத்து இருந்தவர் வீராயி பெரியம்மா. சுப்பிரமணியமும் கிருஷ்ணமூர்த்தியும் எட்டுக் குறிக்கு மேற்பட்டவர்கள் என்பதால் வாலையும் இழந்து, பூச்சியத்தையும் இழந்து, கடைசியில் ஆறே குறிகள் கொண்ட முத்துவிடம் போய் நின்றார்கள்.

பெயரை நகலெடுக்கப் பயன்படுத்தியிருந்தது ‘ஸ்ட்ரன்காப்பி’ (strncpy) என்ற சி மொழிக் கட்டளை. அளவு சொல்லிக் கூப்பிடுவதால் பாதுகாப்பானது என்று பலர் நம்பும் சாமான் அது. உண்மையில் பழைய யூனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்புப் பெயர்களுக்கென ஒதுக்கிய 14 பைட் கட்டங்களை நிரப்புவதற்காக உண்டாக்கியது. பெயர் குட்டையாக இருந்தால் மிச்ச இடம் முழுவதும் பூச்சியத்தைக் கொட்டும். கட்டம் நிறைந்துவிட்டால் ஒரு பூச்சியம் கூடப் போடாமல் கையைத் தட்டிவிட்டுப் போய்விடும். சரத்தின் நீளத்தை முன்னாலேயே எழுதிவைக்கும் வழக்கம் பிசிபிஎல் என்ற முந்தைய மொழியில் இருந்தது. நீளத்துக்கு வரம்பு வந்துவிடுகிறதே என்றும், எண்ணிக்கையைச் சுமந்து திரிவது தொல்லை என்றும் சி பிறந்த பெல் ஆய்வுகூடத்தில் அதைக் கைவிட்டதாக, சி மொழியை உருவாக்கிய டெனிஸ் ரிச்சியே எழுதியிருக்கிறார். 1988இல் இணையத்தில் தானாகவே பரவிக் கணினிகளை முடக்கிய மொரிஸ் புழு என்ற நிரல் நுழைந்த ஓட்டைகளில் ஒன்று, அளவு பார்க்காமல் சரத்தை வாங்கிக்கொண்ட ஒரு சி நிரல்தான். அங்கே கணினிகள் படுத்தன. இங்கே மாமாவின் குடும்பம்.

எனக்கு எரிச்சல் ரிச்சி மீது இல்லை. ஜோன், மேரி என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்து, ஓடுகிறது என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டவர்கள் மீதுதான். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும் என்பதால் அவர்களுக்கு 23 எழுத்துப் பெயரும் அடங்கியிருக்கும். நம்மவர்களின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் எழுதிவைத்த புண்ணியவான்கள் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள். அம்மன் சந்நிதியிலுமா வெட்ட வேண்டும்?

திருத்தம் அற்பமானது. 24 என்பதை 256 ஆக்கி, ‘ஸ்ட்ரன்காப்பி’யை எடுத்துவிட்டு, முடிவில் பூச்சியத்தைத் தவறாமல் வைக்கும் ‘எஸ்என்பிரிண்ட்எஃப்’ (snprintf) என்ற கட்டளையைப் போட்டேன். அளவை மீறும் பெயர் வந்தால் வெட்டாமல் முறையிடச் சொன்னேன். மூன்று பைட்டுக் குறியை நடுவில் வெட்டினால் திரையில் அசிங்கமாகச் சதுரம் வந்து நிற்கும். செயலாளர் மின்சாரத்தைப் போட்டார். பெருமாள் தனியாக வந்தார், வீராயி தனியாக வந்தார், வித்துவான் மூன்று மனிதர்களாகப் பிரிந்தார். அத்தை மறுநாள் காலை அர்ச்சனைத் தட்டுடன் திரும்பி வந்தார்.

எல்லாம் முடிந்தது என்று தேத்தண்ணீரைக் கையில் எடுத்தபோது வீராயி பெரியம்மா வந்து வாசலில் நின்றார். நேற்றுத் தம் பெயர் இரண்டு தடவை வந்ததாம். இன்று ஒரு தடவைதான் வருகிறதாம். கொடுத்த மூவாயிரத்தில் நான் என்ன குறையைக் கண்டேனாம். அருகிலிருந்த தலைவரின் முகம் திடீரென்று மலர்ந்தது. பத்தாயிரத்துக்கு மேல் தருகிறவர்களுக்கு மட்டும் பெயரை இரண்டு தடவை ஓடவிட முடியுமா, அதற்கு அந்த நிரலில் இடம் உண்டா என்று என்னைக் கேட்கிறார்.